அதிமதுரத்துக்குப் போட்ட மார்க்

ஜூலை 6, ஞாயிறு

பேச்சியம்மாள் என்று ஒரு மாணவி. பத்தாம் வகுப்பு, இரண்டாம் பெஞ்சு. வேதியியல் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று கேட்டாள்: "எதுதான் சார் கெமிக்கல் இல்லாதது?" நாளை வரும்போது கெமிக்கல் இல்லாத பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்றேன். மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றாள். "தண்ணி, உப்பு, வேப்பிலை எல்லாம் எடுத்துப் பாத்தேன் சார். எதுவும் தேறல." வகுப்பைக் கைதட்டச் சொன்னேன்.

அது நடந்து இருபத்தாறு வருடம் இருக்கும். இன்று மாலை அவள் ஞாபகம் வந்ததற்கு ஞானதாஸ் மாஸ்டர்தான் காரணம்.

மாஸ்டர் எங்கள் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து என்னோடு ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருடமாக மாலை ஐந்து மணிக்கு ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் இருவரும் நின்று புகைப்போம். மே மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி ஒரு சிகரெட்கூடத் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். மாஸ்டர் இருபது நாள் தாங்கினார். பிறகு மறுபடியும் நாளுக்குப் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை டாக்டர் சட்டைப்பையை மோந்து பார்க்காத குறையாகத் திட்டிவிட்டு, நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் அந்தச் சீட்டை மடித்து டீக்கடை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

"சிகரெட்ல இருக்க அதே சாமானத்த மிட்டாய்ல வச்சுத் தாராங்களாம் வே. எனக்கு இந்தக் கெமிக்கல் சங்காத்தமே வேண்டாம். இயற்கையா ஒண்ணு சொல்லும். நீருதான கெமிஸ்ட்ரி வாத்தியாரு."

"டாக்டர் எழுதினத வாங்கிப் பாரும்."

"டாக்டருக்கு என்னையத் தெரியாது. உமக்குத் தெரியும். நீரும் நிறுத்துவீரா?"

நான் நாளுக்கு எட்டு. நிறுத்துகிறேன் என்றேன்.

"அப்ப நானும் நிறுத்துதேன். அடுத்த ஞாயித்துக்கிழம கோயில் விட்டு வந்ததும். அதுக்குள்ள நல்லதா ஒண்ணு பாத்து வையும். கெடுதல் வரக்கூடாது, ஆமா. எனக்கு இருக்கது ஒரு நெஞ்சுதான்."

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "உயிரு சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க ஏன் தலையக் கொடுக்கீங்க?" என்றாள். படித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றேன். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு ஆறு வருடம் ஆகிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் நாளை வருவதாகச் சொன்னது இது மூன்றாவது நாள்.

பழைய மார்க் ரிஜிஸ்டர் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதில் கோடு போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி, கேள்விக்கு இருபத்தைந்து மார்க். புகை வருகிறதா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறதா, எவ்வளவு என்று அளவு இருக்கிறதா, மாஸ்டர் சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா.

முதலில் மூலிகை பீடி. துளசி, கிராம்பு, ரோஜா இதழ் என்று படம் போட்டிருக்கிறது. புகையிலை இல்லைதான். ஆனால் வைக்கோலை எரித்தாலும் கண் எரியும். எந்த இலையை எரித்து உள்ளே இழுத்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. பெயில்.

இரண்டாவது, பேருந்து நிலையத்தில் வேனில் ஒலிபெருக்கி கட்டி விற்கும் பொடி. டீயில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாது, ஐந்தே நாள் என்கிறான். உள்ளே என்ன என்று கேட்டேன். "நூத்தியெட்டு மூலிகை சார்." நூற்றெட்டில் ஒன்றின் பெயர் சொல் என்றேன். "அது தொழில் ரகசியம்." என் ஆய்வகத்தில் லேபிள் இல்லாத பாட்டிலை யாரும் தொடக்கூடாது. பெயில்.

மூன்றாவது, மாஸ்டரின் மகன் பஹ்ரைனிலிருந்து அனுப்பிய மாத்திரை. ஏதோ மஞ்சள் பூச்செடியின் சாறாம். உள்ளே பொடி எழுத்தில் ஒரு தாள். இதய மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று அதுவே சொல்கிறது. பெயில்.

ஏலக்காய் பாஸ். ஆனால் மாஸ்டர் போனில், "ஏலக்காயப் போட்டுக்கிட்டு அலையுறதுக்கு நான் என்ன பாயசமா?" என்று கேட்டுவிட்டார்.

அப்போதுதான் அதிமதுரம் ஞாபகம் வந்தது. விரல் நீளத்துக்கு வேர். சிகரெட்டைப் போலவே இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கலாம். உதட்டில் வைக்கலாம், கடிக்கலாம், இனிக்கும், தொண்டைக்கு இதம். புகை இல்லை, இருபத்தைந்து. உள்ளே இருப்பது வேர், வேறு கலப்பில்லை, இருபத்தைந்து. அளவு என்று தனியாக ஒன்றும் இல்லை, வேர்தானே, இருபத்தைந்து. நான்காவது கேள்விக்கும் இருபத்தைந்து போடப் போனவன், யாருக்கும் நூறு போட்டதில்லை என்பதால் இருபதில் நிறுத்திக்கொண்டேன். என் அம்மா இருமலுக்குக் கொடுத்தது. நன்றாகத் தெரிந்த பொருள்.

மொத்தம் 95.

ஜூலை 9, புதன்

நாட்டுமருந்துக் கடை ஆவுடையப்பனிடம் கால் கிலோ அதிமதுரம் கேட்டேன். தராசில் கை வைத்தவன் நிறுத்தினான்.

"கால் கிலோவா சார்? யாருக்கு?"

"நமக்குத்தான். சும்மா சப்புறதுக்கு."

"இருமல்னு வருவாங்க, ரெண்டு துண்டு, மூணு துண்டு கொண்டு போவாங்க. நாலு நாள்ல விட்ருவாங்க. இவ்வளவும் எத்தன நாளைக்கு?"

ஆறு வாரம் என்றேன். அவன் வேரைக் கையில் வைத்துப் புரட்டினான். "பிரஷர் மாத்திரை கிரஷர் மாத்திரைன்னு ஏதும் போட்டா கேட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க சார். எங்க அப்பா சொல்வாரு." நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. அப்படியே சொன்னேன். பொய் இல்லை.

மெக்கானிக் வரவில்லை.

ஜூலை 12, சனி

மூன்று நாளாக நானே சோதித்துப் பார்க்கிறேன். பிறருக்குக் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒருமுறை செய்து பார்ப்பதுதான் முறை. ஆசை வரும்போது ஒரு துண்டு. காலையும் மாலையும் கஷாயம். வயிறு சரியாக இருக்கிறது. தலைவலி இல்லை. வேலை செய்கிறது என்று ரிஜிஸ்டரில் எழுதினேன்.

ஜூலை 13, ஞாயிறு

இருவரும் நிறுத்தினோம். கடைசி சிகரெட்டை ஆளுக்குப் பாதியாகப் பிடித்தோம். ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது, தீக்குச்சி நான்கு வீணாயிற்று. மாஸ்டருக்கு ஒரு டப்பா நிறைய வேர். கழுத்தில் விசில் தொங்கும் இடத்தில் டப்பாவைத் தொங்கவிடலாமா என்று கேட்டார்.

"எத்தன துண்டு வே ஒரு நாளைக்கு?"

"எப்பவெல்லாம் ஆசை வருதோ அப்பவெல்லாம்."

"அப்ப பன்னெண்டு." டிரில் மாஸ்டருக்கு எதற்கும் எண்ணிக்கை வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

சிகரெட் எண்ணிக்கை: 0. பரணைச் சுத்தம் செய்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எண்ணிக்கை: 0. சுத்தம் செய்த பரணில் இருந்து இறக்கியதை எல்லாம் திரும்ப ஏற்றினேன். ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்தேன். கோமதி, "நீங்க புகைச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினாறு தளக்கல். பேப்பரை எடுத்தால் ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாக்பீஸ் பிடித்த கை, சிகரெட் பிடித்த கை, இரண்டும் இல்லாமல் அது என்ன செய்யும்?

மாலை மாஸ்டர் வந்தார். நாங்கள் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். எதிர்த்திசையில் நடக்கிறோம். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, கரிசல் காடும் காற்றாலைகளும்தான். இரண்டு கிழவர்கள் வாயில் குச்சியோடு நடப்பதைப் பார்த்து எதிரே வந்தவர், "பல்லு விளக்கவா சார் இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

மாஸ்டர் நான்கு நாளாக ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அவர் மனைவி லில்லிபுஷ்பம் போனில் அழுதாள். "அண்ணாச்சி, கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல இப்பத்தான் இவுக சட்டையில சோப்பு வாசம் வருது."

இன்று முழுவதும் எனக்குக் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது.

ஜூலை 19, சனி

எண்ணிக்கை: 0. பேனா கசிந்து பூஜ்யத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

எண்ணிக்கை: 0. இன்றும் அந்தப் பேனாதான், இன்றும் புள்ளி.

கோமதி கல்யாண மோதிரத்தைத் தேய்க்கக் கேட்டாள். கழற்ற வரவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. செருப்பு வார் காலில் தடம் பதிகிறது. நார்த்தங்காய் ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

அவளுடைய பிரஷர் மிஷினில் சும்மா பார்த்தேன். 158. போன பொங்கலுக்குப் பார்த்தபோது 126. பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஜூலை 23, புதன்

புது பேட்டரி போட்டேன். 164. இப்போதெல்லாம் பேட்டரியும் தரமாக வருவதில்லை.

ஜூலை 26, சனி

நடையில் மாஸ்டர் இரண்டு முறை உட்கார்ந்தார். முப்பது வருடம் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். மைல்கல்லில் உட்கார்ந்து தொடையைக் குத்திக்கொண்டார்.

"காலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு வே. மாடிப்படியில கைப்பிடியப் பிடிச்சுத்தான் ஏறுதேன்."

"நிக்கோட்டின் போகுதுல்ல, உடம்பு அப்படித்தான் கேக்கும். ரெண்டாவது வாரம் ரொம்ப அசதியா இருக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"சரி, நீரு சொன்னா சரி." இன்னொரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். கஷாயமும் தினம் இரண்டு வேளை லில்லிபுஷ்பம் போட்டுக் கொடுக்கிறாளாம், பனங்கற்கண்டு போட்டு.

சிகரெட்டை விட்டவர்களுக்கு வரும் அசதி ரயில்வே கேட் போன்றது, மூடியிருக்கும்போது பொறுமையாக நின்றால் போதும் என்று அவருக்கு உதாரணம் சொன்னேன். மாஸ்டர் தலையாட்டினார். நல்ல உதாரணம்தான் என்று வீட்டுக்கு வந்ததும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

மாஸ்டர் நடக்க வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். முகம் ஊதியிருந்தது.

"நெஞ்சுக்குள்ள அப்பப்ப தவள தாவுது. ரெண்டு தாவு தாவுது, அப்புறம் சும்மா இருக்கு."

"டாக்டர்கிட்டப் போவமா?"

"போனா அந்த சூயிங்கத்த வாங்கினியாம்பாரு. பதினாறு நாளாச்சு வே, ஒண்ணு பிடிக்கல. இருபத்தொண்ணு ஆகட்டும், அப்புறம் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறேன்."

லில்லிபுஷ்பம் வாசல் வரை வந்தாள். "பயமில்லயே அண்ணாச்சி? எல்லாம் இயற்கைதான?"

ஆமாம் என்றேன். வரும் வழியில் அந்தச் சொல் வாயில் நார் போல நின்றது. அதிமதுரத்தின் நார்தான். பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறது.

ஜூலை 31, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. எண்ணிக்கை: 0. புள்ளி இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை எட்டே காலுக்கு லில்லிபுஷ்பம் போன் செய்தாள். கோயிலுக்குக் கிளம்ப எழுந்தவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் அப்படியே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸில் நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். திருநெல்வேலி போகும் வழியில் மாஸ்டர் ஒருமுறை கண்ணைத் திறந்து, "இன்னைக்கு இருபத்தொண்ணு" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் போயிருக்கிறது. நேற்று இரண்டு முறை மிகவும் மோசமாகி மீட்டிருக்கிறார்கள். காரணம் ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைவு.

பொட்டாசியம். வருடாவருடம் பட்டாணி அளவு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காட்டுவேன். சீறிக்கொண்டு ஓடி ஊதா நிறத்தில் எரியும். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நிற்பார்கள்.

டாக்டர் ஷாகிதா என்று ஒரு இளம்பெண். கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள். "நாங்க கொடுத்த நீர் மாத்திரையால கொஞ்சம் குறையும், அதுக்கும் சேத்துத்தான் மருந்து எழுதியிருக்கோம். இவ்வளவு குறையக் கூடாது. வாந்தி, பேதி ஏதும் உண்டா? வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம்?"

மாஸ்டர் சொன்னார்: "சோறு, குழம்பு, நீங்க தந்த மாத்திரை. அவ்வளவுதாம்மா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

டாக்டரும் என்னைப் பார்த்தாள். நான் எல்லோருக்கும் காபி வாங்கிவரப் போனேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து போனில் கொஞ்சம் தேடினேன். சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மாஸ்டரைப் பக்கத்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு பாட்டில் ஏற்றியும் பொட்டாசியம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லையாம், இன்னும் ஏற்ற வேண்டுமாம். நர்சம்மா போன பிறகு லில்லிபுஷ்பம் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. டம்ளரில் ஊற்றினாள். "தொண்ட காஞ்சு கெடக்கு அண்ணாச்சி, ரெண்டு வாய் குடிக்கட்டும்."

மாஸ்டர் குடித்தார்.

நான்கரை பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சிக்னல் நன்றாக இருந்தது. அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், நீர் மாத்திரையோடு சேர்த்தால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ஐந்து வரி. நான் ரிஜிஸ்டரில் இருபது மார்க் போட்ட அதே நான்காவது கேள்விக்கான விடை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு காபி ஆறும் வரை இருந்தேன்.

பிறகு அந்த டம்ளர். கையை நீட்டித் தட்டிவிட இரண்டடி தூரம்தான் இருந்தது.

இன்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் ரிஜிஸ்டர், என் டப்பா. வார்டில் மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே திரையில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு இடத்தில் தாவியது. தவளை. லில்லிபுஷ்பம் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"இது வேண்டாம்மா."

"ஏன் அண்ணாச்சி? நீங்க சொன்னதுதான?"

"நான் சொன்னதுதான். தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திட்டியிருக்கலாம்.

டாக்டர் ஷாகிதாவின் அறை வாசலில் என் முறை வர நாற்பது நிமிடம். ஒரு மாணவனைப் போல நின்றுகொண்டே இருந்தேன், நாற்காலி இருந்தும். உள்ளே போய் மேசை மேல் டப்பாவை வைத்தேன். என்ன, யார் கொடுத்தது, எதற்கு என்று சொன்னேன்.

அவள் வேரை எடுத்து மோந்து பார்த்தாள். "எத்தன நாளா சார்?"

"இருபத்திமூணு நாள்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். மாஸ்டரின் துண்டுக் கணக்கு, கஷாயம் எத்தனை வேளை, கால் அசந்தது என்றைக்கு, தவளை தாவியது என்றைக்கு, எல்லாம் தேதியோடு இருந்தது. அவள் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். உடனே நர்சைக் கூப்பிட்டு ஏதோ மாற்றச் சொன்னாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல சார். நேத்தே சொல்லியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்."

"ஆமாம்மா."

"இந்த வேரக் குறை சொல்லல. இருமலுக்கு ரெண்டு நாள் சப்புறது வேற. இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு, இந்த மாத்திரையோட, தினம் பன்னெண்டு துண்டு வேற. நிறுத்தினாலும் இதோட வேலை உடம்பவிட்டுப் போக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். நீங்களும் சாப்பிட்டீங்களா? கையக் கொடுங்க."

178. அவளுடைய மிஷினில் பேட்டரி இல்லை, சுவரில் மாட்டிய மிஷின்.

ஆகஸ்ட் 6, புதன்

பொட்டாசியம் ஏற ஆரம்பித்திருக்கிறது. திரையில் தவளை இன்னும் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுத முடியவில்லை. பதினாறு தளக்கல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆவுடையப்பன் கடையில் மிச்ச வேரைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன். "மாஸ்டர் எப்படி இருக்காரு சார்?" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவன் அப்பா சொன்னதை ஞாபகப்படுத்துவான் என்று காத்திருந்தேன். அவன் வேரைச் சாக்கில் கொட்டிவிட்டு, "டீ சாப்பிடுதீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

சாப்பிட்டேன். டீயோடு சிகரெட் ஆசை வந்தது. கடை வாசலில் நின்று நூறு வரை எண்ணினேன். எழுபதில் போய்விட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அந்த மாத்திரைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன், பஹ்ரைனிலிருந்து வந்தது. அது தன் குறையைத் தானே எழுதி நீட்டியது. அதனால் பெயிலாக்கினேன். அதிமதுரம் ஒரு வார்த்தை எழுதவில்லை, 95 வாங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவன். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால் தாளைப் பிரிக்காமலே மார்க் போட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து சட்டையைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோமதிதான், "அவுக வீட்டு வாசலத் தெரியாதா உங்களுக்கு?" என்று தள்ளிவிட்டாள்.

மெலிந்திருந்தார். முக வீக்கம் வடிந்து பழைய முகம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னவே, எனக்கு எத்தன மார்க்கு?" என்றார்.

உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல மாஸ்டர்?"

"சொன்னா உம்மத் திட்டுவாங்க."

"செத்திருப்பீரே."

மாஸ்டர் சன்னலைச் சாத்தினார். வெளியே காற்று எதையோ உருட்டிக்கொண்டு போனது.

"அந்தச் சாமானமா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல வே. நெசமாத்தான் சொல்லுதேன். முப்பத்தாறு வருசத்துல நீரு ஒண்ணு சொல்லித் தப்பாப் போனதில்ல. வேற என்னமோன்னு நெனச்சேன்."

இதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

லில்லிபுஷ்பம் டீ கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை போட மறந்திருந்தாள், அல்லது போடவில்லை. குடித்தேன். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார். மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்த சீட்டில் இருந்த அதே சூயிங்கம். டாக்டர் ஷாகிதா எத்தனை, எப்போது, எப்படி மெல்லுவது, எந்த மாத்திரைக்கு நடுவில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாஸ்டர் அதைச் சுவரில் ஒட்டி, கீழே நாள் கணக்குக் கோடு போட்டிருக்கிறார்.

"மொளகாயும் சோப்பும் கலந்த மாதிரி இருக்கு. ஆனா எண்ணிக்கை இருக்கு பாத்தீரா. நாளுக்கு இத்தன, வாரத்துக்கு வாரம் கொறையுது. டிரில் மாதிரி." விரல்விட்டு எண்ணினார். "முப்பத்திரெண்டு நாள். ஒண்ணுகூட இல்ல. உமக்கு?"

பொய் சொல்ல வாய் திறந்து, மூடினேன்.

"ரெண்டு. பத்தொம்பதாம் தேதி ஒண்ணு, இருபத்திரெண்டாம் தேதி ஒண்ணு. கேட்டுக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தத் தாண்டிப் போயி."

மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார். வீடு முழுக்க அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து லில்லிபுஷ்பம், "நெஞ்சுக்கு ஆகாதுன்னாங்க, ஊதாதீக" என்றாள். "ரெண்டு தடவ மைதானத்தச் சுத்தணும் வே நீரு," என்றார் மாஸ்டர். "நான் உக்காந்து எண்ணுதேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எண்ணிக்கை: 0. புள்ளி இல்லை, பேனாவும் கசியவில்லை.

மோதிரம் கழன்றது. இன்று காலை 134.

நாளை திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், என் பிரஷருக்கு. ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். மேலே என் பெயர், வயது. கீழே: அதிமதுரம், நாளுக்கு ஏழெட்டுத் துண்டு, இரண்டு வேளை கஷாயம், நான்கு வாரம்; இப்போது வீட்டில் இல்லை. காலையில் வெந்தயம் ஒரு ஸ்பூன். கோமதி தரும் சுக்குக் காபி. மூட்டு வலிக்குத் தடவும் எண்ணெய். மலச்சிக்கலுக்கு வாரம் ஒருமுறை கடுக்காய்ப் பொடி. நார்த்தங்காய் ஊறுகாய். முப்பத்தாறு வருடம் நாளுக்கு எட்டு, இப்போது ஐந்து வாரத்தில் இரண்டு. கடைசி வரியை எழுதும்போது கோமதி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தாள். 'இரவு வாயுவுக்கு ஓமத் தண்ணீர், ஒரு டம்ளர்.' அதை நான் மறந்திருந்தேன்.

பேச்சியம்மாள் இங்கே இருந்தால் இந்தத் தாளைப் பார்த்து, இதில் கெமிக்கல் இல்லாதது எது சார் என்று கேட்டிருப்பாள். அன்று அவளுக்குக் கைதட்டியதோடு நிறுத்திவிட்டேன். எவ்வளவு, யாருக்கு, எதோடு சேர்த்து என்று அடுத்த மூன்று கேள்வியையும் அவளைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாள் எடுத்து, உங்கள் வீட்டில் மருந்து என்று நீங்கள் நினைக்காமல் வாயில் போடுவதை எல்லாம் அளவோடு எழுதுங்கள், அடுத்த முறை டாக்டர் கேட்கும் முன் அதை அவர் மேசையில் வையுங்கள்.